மூன்று காரும் கூமாக் குளிரும்

12 ஏப்ரல் 1977, செவ்வாய். மெரிலேண்ட்ஸ், சிட்னி.
கூமாவில் இருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூலை முதலாம் தேதி அங்கே நீர்மின் அலுவலகத்தில் வேலை ஏற்க வேண்டும். வீடும் தருகிறார்கள். பனி கொட்டும் ஊர், இந்த நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர். கொட்டகையில் இரண்டு கார்தான் நிற்கும், தெருவில் விட்டால் பனி மூடிவிடும் என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது மூன்று. யாழ்ப்பாணத்தில் ஓட்டைச் சைக்கிளுக்குக் காற்றடித்துத் திரிந்த இந்தச் சச்சிதானந்தனுக்கு இன்று எந்தக் காரை விடுவது என்று கவலை. எனக்கு இந்தக் கவலை பிடித்திருக்கிறது.

17 ஏப்ரல், ஞாயிறு.
முடிவு செய்துவிட்டேன். ஹோல்டன் கட்டாயம் வரும். பதின்மூன்று வயதுக் கார், ஜனவரியில்தான் வாங்கினேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருக்கிறேன். விற்ற கிழவர் மலைப்பக்கத்து மனிதர். "இது பனிக்குத் தயாரான வண்டி" என்றார். விற்கிறவன் சொல்லாததா. மொரிஸ் மைனர் இந்த நாட்டில் நான் வாங்கிய முதல் கார், அதுவும் வரும். நீல வொக்ஸ்வாகனைப் பென்டில் ஹில்லில் இருக்கும் நண்பன் தேவராஜாவுக்குக் கொடுத்துவிடலாம். அவனுக்கு அதன்மேல் நெடுநாளாகக் கண்.

ஒரு சிக்கல். வொக்ஸ்வாகன் என் மனைவி யோகராணியுடையது. தையல் தொழிற்சாலையில் வேலை செய்து தானே வாங்கினாள். ஓட்டப் பழகியதும் அதில்தான், மூன்றாம் தடவையில்தான் லைசென்ஸ் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். கறியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்: "உங்கடை ரெண்டும் வரும், என்ரை ஒண்டு போகும். அப்பிடித்தானே?"

பாசம் வேறு, வாகன ஞானம் வேறு என்று விளக்கினேன். கறியில் இன்னும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் விழுந்தது.

18 ஏப்ரல்.
இன்று சம்பலிலும் உறைப்பு கூடிவிட்டது.

6 மே, வெள்ளி.
"ஒருக்கா ரெண்டு காரிலையும் போய் வீட்டைப் பாப்பம். குளிருக்கை எது ஓடுதோ அது நிக்கட்டும்," என்றாள். சம்மதித்தேன். பாதி வழியில் உள்ள கூல்பர்ன் தாண்டுமுன் வொக்ஸ்வாகன் படுத்துவிடும். கட்டி இழுத்து வர ஒரு நல்ல கயிறு எடுத்து வைத்திருக்கிறேன்.

20 மே, வெள்ளி.
நாளை பயணம். எங்கள் ஊர் டக்சிக்காரர்கள் தூரப் பயணத்துக்கு முன் ரேடியேட்டரைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். நானும் ஹோல்டனின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே பச்சை! கிழவர் வருஷக்கணக்காக மாற்றவேயில்லை, கோயில் கேணி மாதிரிப் பாசி. முழுவதையும் திறந்துவிட்டு, மூன்று தரம் கழுவி, நல்ல குழாய்த் தண்ணீர் நிரப்பினேன்.

யோகராணி குனிந்து முகர்ந்து பார்த்தாள். "பாசி இனிப்பா மணக்குமோ?"

"வாகனத்தைப் பற்றி உமக்கென்ன தெரியும்," என்றேன்.

இரண்டு காரின் சக்கரங்களுக்கும் வைக்கத் தேசிக்காய் எடுத்து வைத்திருக்கிறாள். எட்டு.

21 மே, சனி. கூமா.
வந்து சேர்ந்தோம். ஹோல்டன் மகாராசா. வொக்ஸ்வாகன் இருபது நிமிடம் பிந்தி வந்தது. சொல்லிக் காட்டினேன்.

22 மே, ஞாயிறு.
எழுதவே கை கூசுகிறது.

விடிய எழும்பினால் புல்லெல்லாம் வெள்ளை. ஹோல்டன் அசையவில்லை. அடியில் பார்த்தேன் — எஞ்சின் பக்கத்தில் என் விரல் நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பில் ஐஸ். நான் ஊற்றிய நல்ல தண்ணீர்.

அவள் வொக்ஸ்வாகனில் ஏறித் திறப்பைத் திருப்பினாள். கொஞ்சம் முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. என்னுடைய கயிற்றிலேயே என்னுடைய ஹோல்டனைக் கட்டி, மெல்ல மெல்ல மெக்கானிக்கிடம் இழுத்துப் போனாள். நான் ஹோல்டனுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள்.

மெக்கானிக் ஒரு போலந்துக்காரர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உறையாமல் இருக்க ஊற்றுகிற பச்சை மருந்தை எந்த மடையன் வெளியே விட்டது என்று கேட்டார். நான் குனிந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். யோகராணிதான் தன் தையல் தொழிற்சாலை இங்கிலீஷில் சொன்னாள்: பழசு என்று நினைத்து நாங்கள்தான் மாற்றினோம்.

நாங்கள். முகர்ந்து பார்த்துக் கேட்டவள் அவள். அவள் வாயை அடைத்தவன் நான். எப்படி "நாங்கள்" ஆனது?

அவளுடைய காருக்குத் தண்ணீரே தேவையில்லையாம், எஞ்சின் காற்றில்தான் ஆறுமாம். எத்தனை வருஷம் வீட்டில் நின்ற கார், எனக்கு அதுகூடத் தெரியாது. ஹோல்டனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், சிட்னி வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் இருந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன். கண்டும் காணாதது போல ஓட்டினாள். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள்.

5 ஜூன், ஞாயிறு.
தேவராஜா வந்தான். மொரிஸின் திறப்பைக் கொடுத்தேன்.

"மச்சான், வொக்ஸ்வாகன் எண்டெல்லோ சொன்னனீ?"

"அது கொடுக்கிறதுக்கில்லை."

குசினியில் சட்டி கிண்டும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

18 ஜூலை, திங்கள். கூமா.
இரவு முழுக்கப் பனி. ஹோல்டனைத் திருத்த முடியாது என்று போலந்துக்காரர் உதிரிச் சாமானுக்கு எடுத்துவிட்டார். கொட்டகையில் அதன் இடத்தில் விறகு. காலையில் எங்கள் தெருவில் மூன்று கார் கிளம்பவில்லை. யோகராணி கம்பளித் தொப்பியோடு அலுவலக வாசல்வரை எங்களைக் கொண்டுவந்து விட்டாள். முன்னால் நான். பின்னால் இரண்டு எஞ்சினியர்மார், முழங்கால் நாடியில் முட்ட.

இறங்கும்போது அவர்களில் பெரியவர் கதவைத் தட்டிக் கேட்டார், நல்ல கார், உன்னுடையதா என்று.

இல்லை, என் மனைவியுடையது என்றேன். அவருக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் இன்னொரு தரம் சொன்னேன்.