தீமிதித் தழும்பு

திருப்பூர்
2.3.2025

அன்புள்ள மலர்,

நான் நலம். ஃபோனில் பேசினால் சண்டையாகிறது, அதனால் எழுதுகிறேன். போன ஆடித் தீமிதியில் நீ தவறி விழுந்தாய், சரி. ஆனால் புண் ஆறி மாதக்கணக்காகியும் தோள் தழும்பு வளர்ந்துகொண்டே போகிறதாம். "காப்பு கட்டிக்கினு இன்னாத்த மறைச்சாளோ, அம்மன் காட்டிக் குடுக்குறா" என்று அம்மா அழுகிறார். கோயிலில் கையில் கற்பூரம் ஏற்றி, விரதத்தில் தப்பு நடக்கவில்லை என்று சத்தியம் செய்துவிடேன்.

உன்,
அய்யனார்

ரிஷிவந்தியம்
9.3.2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. லாரி மோதிய உங்கள் கால் எலும்பு கூடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தீயில் இறங்கியவள் நான். எனக்கா இந்தப் பேச்சு?

அத்தை கல்வராயன் மலையிலிருந்து வாங்கிவந்து கட்டிய பச்சிலையால் அரிப்புதான் ஜாஸ்தியானது. நானே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காட்டினேன். "ஆழமான சூடு, ஆறவே ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கு. புண் மூடினதும் நிக்கவேண்டிய வேலை உனக்கு நிக்கலம்மா. உடம்பு சதைநாரை ஜாஸ்தியா கட்டிக்கினே போவுது. தோள், மாரு, காது இங்கெல்லாம் இப்படி வரும். அறுத்தா இன்னும் பெருசா வளரலாம், மாசாமாசம் ஊசி போட்டா அமுங்கும். சில குடும்பத்து வாகு இது" என்றார் டாக்டரம்மா. என் அப்பாவுக்குக் காது குத்திய இடத்தில் சுண்டைக்காய் போலத் தொங்குகிறதே, கைக்குழந்தையில் அவர் எந்த விரதத்தைக் கெடுத்தார்?

என் பின்னாலேயே விழுந்த தீனதயாளன் சித்தப்பா காப்பு கட்டிக்கொண்டே குடித்தவர், ஊரறியும். அவர் தழும்பு தட்டையாகி மங்கிவிட்டது. அம்மன் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னைப் பிடித்தாளாக்கும்!

புதுச் சூடு பட்டால் அதுவும் தடிக்கலாமாம். கற்பூரம் சுட்ட இடம் வளர்ந்தால் அதற்கு எந்தச் சத்தியம் கேட்பீர்கள்?

என்னை நம்புகிறீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
மலர்விழி

திருப்பூர்
17.3.2025

அன்புள்ள மலர்,

உன்னை நம்புகிறேன். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே. எனக்காக ஒரே ஒரு தடவை. வெள்ளிக்கிழமை செய்வாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உன்,
அய்யனார்

சின்னசேலம்
22.3.2025

அய்யனாருக்கு,

நேற்று கோயிலுக்குப் போனேன். ஊரே கூடியிருந்தது. அத்தை கற்பூரத் தட்டை நீட்டினார். "எம் புருசன் என்ன நம்புறேன்னு எழுதிக்கீறாரு, அது போதாதா?" என்று கேட்டேன். "அவன்தாண்டி சத்தியம் வாங்கச் சொன்னான்" என்றார். தட்டைத் தொடாமல் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அப்படியே அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். தழும்புக்கு ஊசி போட மாதாமாதம் அவர் கூட்டிப்போவார்.

அம்மன் என்னிடம் எந்தச் சத்தியமும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். இனி எழுதவேண்டாம்.

சின்னக்கண்ணு மகள்
மலர்விழி