மௌனம்: ஓடவில்லை

நிலவின் மறுபக்கம், வானொலி ஆய்வு நிலையம்.
கணினிப் பொறுப்பாளர் பதிவு. எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு.

07:10 – வழக்கமான பதிவு

வட்டில் இடம் இருக்கிறது. காற்று, நீர், மின்கலம் மூன்றும் பச்சை. நேற்றைய காப்புப்பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பார்த்தேன், திறந்தது. முதல் குறிப்பாக இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மீட்டுப் பார்க்காத வரை அதற்குப் பெயர் காப்புப்பிரதி இல்லை, நப்பாசை.

இங்கே நாங்கள் இரண்டு பேர். நான் ஜெசிந்தா, மணப்பாட்டுக்காரி, கணினிகள் என் பொறுப்பு. இன்னொருவர் பூதலிங்கம் அண்ணாச்சி, நாகர்கோவில் பக்கம். வெளியே பள்ளம் நெடுக நட்டு வைத்திருக்கும் அலைவாங்கிக் கம்பங்கள் அவருடையவை. பூமியின் இரைச்சல் எட்டாத இடம் என்றுதான் இங்கே நிலையம் கட்டினார்கள். ஆய்வு நேரத்தில் நாங்களும் இரைச்சல் போடக் கூடாது. அதற்கென்று ஒரு நிரல் உண்டு, பெயர் மௌனம். அது ஓடுகிற வரை நிலையத்திலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. உள்ளே வருவது வரும். கேட்கலாம், பேச முடியாது.

இயங்குதளம் திறமூலம். ஊர் உலகமெல்லாம் அதை ஆங்கிலக் கட்டளையில் ஓட்டுகிறது. எங்கள் தலைமையகத்துக்கு மட்டும் ஒரு சொல்லாக்கக் குழு இருந்தது, அது எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. ஒரு நிரல் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ‘நிலை’. பதிவில் புதிதாக விழும் வரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்க ‘வால்’. நிரலை நிறுத்த ‘கொல்’. பழகிவிட்டது. ‘கொல்’ அடிக்கும்போது மட்டும் இன்றும் சின்னதாக ஒரு சந்தோஷம் வரும்.

07:55 – மேம்படுத்தல்

தலைமையகத்திலிருந்து மௌனத்துக்குப் புதிய பதிப்பு. இன்றைய ஆய்வுக்கு முன் நிறுவியே ஆக வேண்டுமாம். அண்ணாச்சி வண்டியெடுத்து நான்காம் கம்பத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆள் வெளியே இருக்கும்போது எதையும் தொடாதே, நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னது சரி. கணினி வேலையின் முதல் பாடமே அதுதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. நீ ஆபீசுக்குப் பயந்தவள், அவர்கள் குனி என்றால் படுத்துவிடுவாய் என்றார்.

உங்கள் கம்பத்தை நீங்கள் பாருங்கள், என் கணினியை நான் பார்க்கிறேன் என்றேன். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நிறுவிவிட்டேன். பிழை எதுவும் இல்லை.

குறிப்பு: நிறுவும் முன் பழைய பதிப்பை வேறு பெயரில் எடுத்து வையுங்கள். கோபமாக இருக்கும்போது நிறுவாதீர்கள்.

08:40 – மௌனம் தொடங்கியது

அனுப்பி அணைந்தது. இங்கே மாட்டியிருக்கும் என் உடையின் சின்ன வானொலியும் அதோடு சேர்ந்து ஊமையாகும்; வண்டியின் வானொலி மட்டும் தன் கடிகாரத்தைப் பார்த்து அணைந்து, நேரம் முடிந்ததும் தானே திறக்கும். அதையும் ஒரு குழுதான் தீர்மானித்தது.

கோபம் தணியவில்லை. அவர் வண்டிக்கு ஒரு செய்தி தட்டிவிட்டேன். மௌனம் ஓடுவதால் அது போகவில்லை, வரிசையில் நிற்கிறது. போகாததும் நல்லதுதான். மதியத்துக்குள் அழித்துவிட வேண்டும்.

12:04 – மௌனம் முடிந்தது

சொன்ன நேரத்துக்கு முடிந்தது. உடனே அண்ணாச்சி கூப்பிட்டார்.

“ஜெசி, மௌனம் முடிஞ்சாச்சு. நாலாவது கம்பத்துல நிக்கேன். வேலை தீந்துட்டு. கேக்குதா?”

கேட்கிறது என்று சொன்னேன். அனுப்பியின் விளக்கு சிவப்பிலேயே இருந்தது. நிலையைக் கேட்டேன்.

*மௌனம்: ஓடவில்லை.*

ஓடவில்லை என்றால் விளக்கு பச்சையாக வேண்டும். ஆகவில்லை.

12:11 – எச்சரிக்கை

சூரியக் கண்காணிப்பிலிருந்து வந்தது. பெரிய வெடிப்பு, துகள் புயல், ஒரு மணி நேரத்துக்குள் இங்கே இருக்கும். வெளியே இருப்பவர்கள் உடனே பதுங்க வேண்டும். வண்டியின் வானொலிக்கு நிலையத்தின் குரல் மட்டும்தான் கேட்கும். இந்தச் செய்தியை நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் கம்பத்தடியில் மண்ணுக்குள் ஒரு பதுங்கறை இருக்கிறது. நான்காம் கம்பத்திலிருந்து வண்டியில் இருபது நிமிடம். நேரம் தாராளமாக இருக்கிறது.

எழுத்திலும் எச்சரிக்கையைத் தட்டிவிட்டேன். அதுவும் வரிசையில் போய் நின்றது.

12:19

அனுப்பியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி சரி, மின்சாரம் சரி, பெருக்கி சரி. வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. யாரோ கையால் வாயைப் பொத்தியிருப்பது போல இருக்கிறது. திரும்பவும் கேட்டேன்.

*மௌனம்: ஓடவில்லை.*

அவர் பேசுகிறார்.

“சத்தத்தக் காணுமே. காலைல உள்ள கோவமா? செரி, நீ பேசாண்டாம். நான் பேசுகேன், நீ கேட்டுக்கிட்டு இரு.”

அண்ணாச்சி, கோபம் இல்லை. பதுங்கறைக்குப் போங்கள். இதை மைக்கில் கத்தினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

12:26

பெயரைச் சொல்லிக் கொன்று பார்த்தேன்.

*கொல் மௌனம்*
*அப்படி ஒரு நிரல் ஓடவில்லை.*

வேராக நுழைந்து, அதாவது முழு அதிகாரத்தோடு, திரும்பவும் கொன்றேன். அதே பதில். குறிப்பு: ஒரு கட்டளை வேலை செய்யவில்லை என்றால் அதையே அதிகாரத்தோடு கத்திச் சொல்வதால் வேலை செய்துவிடாது. இது தெரிந்தும் நான்கு முறை அடித்தேன்.

“மக்களே, ஒன்ன ஆபீசுக்குப் பயந்தவன்னு சொல்லிருக்கப்பிடாது. தப்புதான். ஒத்துக்கிடுகேன். ராத்திரி நானே ரசம் வச்சித் தாறேன், போதுமா?”

மக்களே என்றால் அவர் ஊரில் மகளே என்று அர்த்தம். கொஞ்ச நேரம் காத்திருந்தார். என் பதிலுக்குத்தான்.

“செரி. வெட்டியா நிக்கதுக்கு அஞ்சாவதையும் போய்ப் பாத்துட்டு வாறேன். அதுக்குள்ள கோவம் ஆறிரும் ஒனக்கு.”

ஐந்தாம் கம்பம் எதிர்த் திசையில் இருக்கிறது. பதுங்கறையை விட்டு இன்னும் தள்ளி. அவர் போகிறார். திரையில் வண்டிப் புள்ளி நகர்வது தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன், எழுதாவிட்டால் எதையாவது உடைத்துவிடுவேன்.

12:31 – மறுதொடக்கம்

நிலையத்தையே அணைத்துப் போட்டேன். எழுந்து வர எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் அவர் குரலும் இல்லை. என்ன சொன்னாரோ தெரியாது. விளக்கு சிவப்பு.

*மௌனம்: ஓடவில்லை.*

குறிப்பு: மறுதொடக்கம் வைத்தியம் அல்ல. நோயைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருப்பது. தொடக்கத்திலேயே கிளம்பும்படி எழுதி வைத்த நிரல், நீங்கள் எத்தனை முறை அணைத்தாலும் உங்களுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

12:52

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போதுதான் செய்தேன். நிரலிடம் கேட்பதை விட்டுவிட்டு அனுப்பியிடம் கேட்டேன். உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? அதற்கு ஒரு கட்டளை உண்டு, ‘பிடி’ என்று பெயர். ஒரே வரியில் பதில் வந்தது. நிரல் எண் 418. பெயர்: மெளனம்.

ஓடவே இல்லை என்று சொன்ன மௌனம்.

நிரல் கோப்புகள் இருக்கும் அடைவைத் திறந்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள். ஓர் அடைவில் ஒரே பெயரில் இரண்டு இருக்கவே முடியாது, எந்தக் கணினியிலும். கணினி எண்ணுவது போல, துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாக, எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். பழையதில் ஐந்து குறிகள். புதியதில் ஆறு.

தமிழ் வாசிப்பவருக்கு ஒரு நொடியில் புரியும். மௌனத்தின் முதல் எழுத்துக்கு ஔகாரக் குறி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைத் தேடச் சோம்பல்பட்டவர்கள் ‘மெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடிப்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து பாடப் புத்தகம் வரை அப்படித்தான் அடிக்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினி அதைப் பளபளப்புக்கு வரும் ளகரமாகத்தான் படிக்கிறது. தலைமையகத்தில் யாரோ புதிய பதிப்புக்கு ளகரம் போட்டுப் பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் நான் அதை நிறுவினேன். பழைய மௌனம் தன் நேரத்துக்கு நல்ல பிள்ளையாக முடிந்தது. புதியதற்கு முடிகிற நேரத்தைச் சொல்லும் கோப்பு பழைய பெயரில் இருக்கிறது. அதனால் அது முடியாது. நான் சரியாக எழுத்துக்கூட்டி அடித்தேன். அதுதான் என் தப்பு.

சொல்லாக்கக் குழுவுக்கு இதைப் பற்றி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். இரண்டு எழுத்தையும் கணினி ஒன்றாகப் பார்க்கும்படி ஒரு விதி வையுங்கள் என்று கேட்டேன். திரையில் சரியாகத்தானே தெரிகிறது என்று பதில் வந்தது.

“ஜெசி. கண்ணுக்குள்ள மின்னல் அடிக்குது. கண்ண மூடுனாலும் அடிக்குது. இது என்னது பிள்ளே?”

புயல் வந்துவிட்டது. அதன் துகள் கண்ணைத் துளைத்தால் அப்படித்தான் தெரியும்.

12:57

குறிப்பு, பெரிய எழுத்தில்: பெயரைச் சொல்லிக் கொல்லாதீர்கள். எண்ணைச் சொல்லிக் கொல்லுங்கள். பெயர் ஏமாற்றும்.

*கொல் 418*

வெறும் கொல் என்பது மரியாதையாகக் கேட்பது. கேட்கவில்லை. ஒன்பது சேர்த்தால் கேள்வியே கிடையாது, நேராகக் கழுத்தில் கை.

*கொல் 9 418*

பச்சை.

12:58

வரிசை. வரிசையை மறந்துவிட்டேன்.

அனுப்பி திறந்த நொடியில் வரிசையில் நின்றவை தானாகப் போகும், முதலில் நின்றது முதலில். நான் மைக்கை எடுப்பதற்குள், எழுத்துச் செய்தியைப் பேச்சாக்கி வண்டிக்கு அனுப்பும் இயந்திரக் குரல் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் தட்டியது. மதியத்துக்குள் அழிக்க நினைத்தது.

“அண்ணாச்சி, இன்னைக்கு உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல. அங்கனயே கெடங்க.”

நேரம் குறித்து வாசிக்காது அந்தக் குரல். எப்போது எழுதியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை நேரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மன்னிப்பும் கேட்டு, கடைசியில் நான் வாய் திறந்து சொன்னது இதுதான் என்றுதானே நினைப்பார்.

பதில் வந்தது. மெதுவாகப் பேசினார். இடையில் வாந்தி எடுத்தார்.

“செரி மக்களே. அங்கனயே கெடக்கேன்.”

அதற்குப் பிறகுதான் எச்சரிக்கை போனது. அதற்குப் பிறகுதான் என் குரல் போனது. அது பழைய செய்தி அண்ணாச்சி, திரும்புங்க, மூணாவது கம்பத்துக்குப் போங்க, நான் பேசிக்கிட்டேதான் இருந்தேன், உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. வண்டியின் நிலைத்தரவைப் பிறகுதான் பார்த்தேன்.

*வாங்கி: பயணியால் அணைக்கப்பட்டது.*

13:40

வண்டி ஐந்தாம் கம்பத்தில் நிற்கிறது. மோட்டார் அணைந்திருக்கிறது. உடையின் உணரி அவர் நாடித் துடிப்பைத் தானாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. ‘வால்’ போட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு வண்டி கிடையாது. நடந்து போகலாம் என்று உடை மாட்டினேன்; புயலில் வெளிக்கதவு பூட்டிக்கொள்ளும், திறக்காது. வேராக நுழைந்தும் திறக்கவில்லை. இந்த நிலையத்தில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே நிரல் அந்தப் பூட்டு.

மைக் திறந்தே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கிறேன். வாங்கியை அணைத்த வண்டியிடம் பேசுகிறேன் என்று தெரியும்.

16:25

நாடித் துடிப்பின் வரி நின்றுவிட்டது. அது கம்பியோ பெருக்கியோ அல்ல, அதில் பழுது பார்க்க எதுவும் இல்லை. புதிய வரி வரவில்லை, அவ்வளவுதான்.

குறிப்பு

குறிப்பு: வரிசையைத் திறக்கும் முன் அதில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

குறிப்பு: அவர் ரசம் வைப்பார் என்று நான் அடுப்பறையில் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அழிக்கவும் மனமில்லை.

குறிப்பு: யாரிடமும் கோபமாக

18:02 – தலைமையகத்திலிருந்து வந்த செய்தி, அப்படியே

“வாழ்த்துகள். இன்றைய தரவு இதுவரை கிடைத்ததிலேயே தூய்மையானது. குறித்த நேரத்துக்குப் பிறகும் நிலையம் அமைதி காத்ததைக் குழு பாராட்டுகிறது. புதிய பதிப்பு வெற்றி. இனி எல்லா ஆய்வுகளுக்கும் இதே மெளனம் தொடர வேண்டும்.”

படிக்கச் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்தேன்.

ஆறு.