ஈசான மூலைத் தூண்

சைதாப்பேட்டை,
9.6.2025

அன்புள்ள ஷாகிரா அக்காவுக்கு,

கற்பகாம்பாள் புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம். போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் நம் பழைய ஃபிளாட்டை இடித்த மனையில், தரைக்குள் இறக்கிய காங்கிரீட் தூண்களை, 'பைல்' என்கிறார்கள், சோதிக்க அனுப்ரியா என்று ஒரு பெண் வந்தாள். தூணை உடைப்பதில்லை. தூணின் தலையில் ஒரு கருவியை ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டுகிறாள். அதிர்வு அடிவரை போய்த் திரும்புவது திரையில் கோடாக வருகிறது. நடுவில் பழுதிருந்தால் சீக்கிரமே திரும்பிவிடுமாம்.

ஈசான மூலைத் தூணில் மட்டும் கோடு தாறுமாறாக வந்தது. தூண்கள் இறக்கி முடித்துப் பூஜை போட்ட அன்று கோலம் போட வாகாக அதன் தலையில் நான் சிமென்ட் பூசச் சொல்லியிருந்தேன், அதனால்தான்.

"அம்மா சாமி கும்ட்ட பைலு மேடம், இன்னா ஆவப்போவுது? ஓகே போட்டுக்கினு போ" என்றார் மேஸ்திரி.

"சாமி மேல கும்பிட்டாங்க. நான் கீழ பாக்கணும்ணா."

பூச்சைக் கொத்தவைத்து மறுபடி தட்டினாள். கோடு தெளிந்தது. ஆனால் ஆளுயர ஆழத்திலேயே அதிர்வு திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை தோண்டிப் பார்க்கிறார்கள். பழுதென்றால் எட்டு வீட்டாரும் சம்மதித்துப் புதுத் தூண் போடவேண்டும். உங்கள் ஜுவேரியா கல்யாணத்துக்குள் வீடு முடியாது அக்கா.

உங்கள்
சீதா

கே.கே. நகர்,
11.6.2025

பிரியமுள்ள சீதாவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் துஆ. கடிதம் கிடைத்தது. மயிலாப்பூர் வீட்டு வாசலிலிருந்துதான் பெண்ணை அனுப்புவோம் என்று அவள் அத்தா மௌத்தாகுமுன் சம்பந்தி வீட்டில் சொன்ன வார்த்தை. இத்தனை தூணில் ஒன்றுதானே? அந்தப் பெண்ணிடம் நீ பேசிப் பாரேன்.

ஷாகிரா

சைதாப்பேட்டை,
14.6.2025

அக்கா,

கேட்கத்தான் போனேன். தோண்டிய குழிக்குள் ஏணியில் இறங்கியவள் என்னையும் கூப்பிட்டாள். "கை வெச்சுப் பாருங்கம்மா." தூணின் இடுப்பில் மணிக்கட்டு வரை கை போயிற்று. உள்ளே களிமண். இதன்மேல்தான் எட்டுக் குடும்பம் படுத்துத் தூங்க இருந்தோம்.

தான் சொன்னது பலித்த பெருமை அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை. "ஸாரிம்மா, உங்களுக்கு லேட் ஆயிடும்" என்றாள். அவளை அனுப்பியவள் அம்பாள் என்றே நினைக்கிறேன். உங்களுக்காகக் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

சீதா

கே.கே. நகர்,
18.6.2025

சீதா,

ரெண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். ஜுவேரியா கேட்டாள்: "அந்த வீட்ல படுக்கப்போறது நீதானேம்மா, நானா?" புதுத் தூணுக்கு என் சம்மதத்தையும் சேர்த்துக்கொள்.

கல்யாணப் பத்திரிகையில் கே.கே. நகர் முகவரியே போடுகிறோம். அனுப்ரியாவின் விலாசம் வாங்கி அனுப்பு. முதல் பத்திரிகை அவளுக்கு.

உன் அக்கா
ஷாகிரா