பல் விளக்கினால் பசிக்கும்

முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் என் நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் இன்னும் செங்கல்பட்டில் அதே பல் டாக்டரிடம்தான் வேலை பார்க்கிறேன். முன் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சொல்வதும் அதே பாட்டுதான்: காலையில் ஒருமுறை, ராத்திரி படுக்குமுன் ஒருமுறை பல் தேயுங்கள், அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சொல்லும்போது எனக்குத்தான் குரல் இறங்கிவிடுகிறது.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு கம்பெனி வாட்ச்மேன் வந்தார். "நான் காத்தால எட்டு மணிக்குப் படுக்குறவன். எனக்கு எதும்மா ராத்திரி?" என்று கேட்டார். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ விடியுமுன்னே வெறும் டீயோடு கடலுக்குப் போவாய். ஒன்பது மணிக்குக் கரையேறி, மீனை அம்மாவிடம் விட்டுவிட்டு, உள்ளங்கையில் பல்பொடியோடு குழாயடியில் நிற்பாய். வாய் கொப்பளித்த கையோடு கஞ்சி. அப்படியே நாற்பது வருஷம். அப்படியும் ஒரு பல்கூட விழவில்லையே, எப்படி? நான்தான் முதல் சம்பளத்தில் நீல பிரஷ் வாங்கிவந்து, சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் உன்னைத் தேய்க்க வைத்தேன். படித்த பெண் சொல்கிறாள் என்று நீயும் தேய்த்தாய்.

தேய்த்துவிட்டு எனக்குத் தெரியாமல் கஞ்சி குடிக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். ஒருநாள் ராத்திரி கையும் களவுமாகப் பிடித்தேன்.

"பல்லு வெளக்கினா, நாஸ்தா வருதுன்னு வயிறு நெனச்சிக்கினுகீது பாப்பா. கொஞ்சம் ஊத்து."

"வெளக்கியாச்சு நைனா. இனிமே காத்தாலதான்."

சட்டியை வாங்கி மூடிவைத்தேன். நீ சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தாய்.

மறுநாள் கரையேறிய நீ குழாயடி வரைக்கும் வரவில்லை. வலையோரமே சாய்ந்துவிட்டாய். மாரடைப்பு என்றார்கள். அதற்கும் கஞ்சிக்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் உறுத்துகிறது? நான் சொன்னது சரிதானே, நைனா? சரியானதைச் சொல்லித்தான் உன்னைப் பசியோடு அனுப்பினேனா?

நேற்று வருஷப் படையல் பற்றிப் பேச்சு வந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வடை பாயசத்தோடு வைக்கலாம் என்றாள் சித்தி.

"அந்தாளுக்குப் பல்லு வெளக்காம ஒரு வாய் எறங்குமா? ஒம்போது மணிக்குக் கஞ்சி வெச்சாப் போதும்" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை.

பல்பொடியை வைப்பதா, நீல பிரஷை வைப்பதா என்று நான் கேட்கவில்லை. வாட்ச்மேனுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு ஒன்பது மணிக்கு இரண்டையும் வைக்கிறேன், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். நீ எதை எடுத்தாலும் சரி. கஞ்சிச் சட்டியை மட்டும் மூடமாட்டேன்.

அகப்பையோடு நிற்கும்
உன் பாப்பா