கம்பியில் போட்ட வலைமுடிச்சு

சிங்கப்பூர், 1986

அன்புள்ள வாப்பாவுக்கு ரியாசுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உம்மாவின் மூச்சிரைப்பு தேவலையா?

இங்கே சேதி அனுப்பிக்கொள்ள கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கிறோம். அதற்கு நெட்வொர்க், அதாவது வலை என்று பெயர். நேற்று ஒரு கம்பி அறுந்து கிடந்தது. கைப்பழக்கத்தில் நம் வலைமுடிச்சைப் போட்டுவிட்டேன்! சூப்பர்வைசர் வேதாசலம், நம் காட்டூர்க்காரர், சிரித்துவிட்டார்.

"இன்னாய்யா, மீனா புடிக்கப் போறே?"

"சேதி நின்னுபோச்சா சார்?"

"நிக்காது. துண்டு துண்டாப் பிரிஞ்சு, வேற கம்பி வழியா போயி, அங்க ஒண்ணா சேந்துக்கும்."

நம் வலை கிழிந்தால் மீன் போய்விடும். இந்த வலையில் சேதி தப்புவதில்லை. அதற்கு வழி சொல்வது யார்? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கருவாடு அனுப்பாவிட்டாலும் இரண்டு வரி எழுதுங்கள். பெருநாளுக்குப் பிறகு உங்கள் கடிதமே இல்லை. நமக்கு இருப்பது ஒரே இழைதான், வாப்பா.

ரியாசுதீன்