நான்கு திருகில் நிற்கும் சோபா

மாயெபூர், மொரீஷியஸ்
11-12-1988

அன்புள்ள விசு அண்ணாவுக்கு,

சோபா லாரியிலிருந்து இறங்கியபோது என் கண்ணில் முதலில் பட்டது அதன் அடியில் இருந்த நான்கு பித்தளைத் திருகுகள். மற்றபடி அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம், பிரான்ஸில், லியோன் குளிரில் நீயும் மிரெய் அண்ணியும் நன்றாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை அம்மா எழுதவில்லை. நான் எழுதினால் விசுவைத் திட்டிவிடுவேன், நீயே எழுதிவிடு என்று தாளை என்னிடம் தள்ளிவிட்டாள். நேரில் உன்னிடம் நாலு வார்த்தை பேச நான் கூச்சப்படுகிறவள்தான், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் தாளில் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

தைப்பூசக் காவடிக்கு மிரெயின் அப்பா அம்மாவும் வருகிறார்கள், அவர்களைப் பாயிலா உட்கார வைப்பீர்கள், நவீன வீடு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து அனுப்பினாயே, அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். சர்க்கரை ஆலை மேனேஜர் க்ளெமான் ஊரைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் படத்திலிருந்த மாதிரியே ஒரு சோபாவை அவரிடம் வாங்கி வந்துவிட்டார். டென்மார்க்கில் செய்ததாம், முப்பது வருஷப் பழசாம், அதனால்தான் மதிப்பாம். மரம் என்னவோ சயாம் தேக்குதான். நம் ஆசிய மரமே ஐரோப்பா போய்விட்டு வந்தால் அப்பா எழுந்து நின்று வரவேற்கிறார், உனக்கும் அப்படித்தான் செய்வார்.

அதில் யார் உட்காருகிறார்கள் என்று கேள். அப்பா சம்மணம் போட்டு ஏறி உட்கார்ந்தார், இருக்கை பின்பக்கம் சரிவு, மல்லாந்துவிட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து அதில் சாய்ந்துகொண்டு கீரை ஆய்கிறாள், முதுகுக்கு இதமாக இருக்கிறதாம். பேத்தியின் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பொன்னம்மா, ஏண்டி, கால் இவ்வளவு மெலிசாக இருக்கிறதே, மரம் போதாமல் பாதியில் நிறுத்திவிட்டார்களா என்று கேட்டு, கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள்.

சிரிப்பு இதோடு சரி. ஃபாக்டரியில் இரண்டு வருஷம் காலர் தைத்து நான் வாங்கிய தையல் மெஷினை, சோபாவுக்கு இடம் வேண்டும் என்று அப்பா பின்பக்கத் தகரக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார். கொட்டகை ஒழுகுகிறது. நேற்று மழையில் ஊசி துருப்பிடித்து ஒரு வெள்ளைச் சட்டையில் கறை. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குச் சீருடை தர வேண்டும், ஒன்பதுதான் முடிந்திருக்கிறது. தராவிட்டால் இனி யாரும் என்னிடம் துணி கொடுக்க மாட்டார்கள், மறுபடி விடியற்காலையில் ஃபாக்டரி வேனில் ஏற வேண்டியதுதான். அப்பாவிடம் சொன்னேன், காவடி முடியட்டும் என்றார். காவடி வருவது பள்ளி திறந்த பிறகு.

உனக்கும் மிரெய்க்கும் அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்றும் சொன்னாள். அப்பா கோயில் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். பாதிக் கடிதத்தில் எழுந்துபோய், மெஷின் டிராயரிலிருந்த பெரிய ஸ்க்ரூ டிரைவரால் சோபாவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். அம்மா ஒரு பக்கம் பிடிக்க, மெஷின் கூடத்துக்கு வந்துவிட்டது. நான்கு திருகுகளையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், காவடிக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா.

உன் தங்கை
ஜெயபாரதி