பெரிய டாக்டர் கேட்ட பேர்

திருப்பதி,
பெண்கள் வார்டு, பன்னிரண்டாம் கட்டில்
3-7-1963

அன்புள்ள மாமாவுக்கு,

பொன்னி வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். சிவப்பிப் பசுவும் கன்றும் சௌக்கியமா? நீங்களும்தான்.

அண்ணன் என்னைச் சேர்த்துவிட்டு அன்றைக்கே சித்தூர் பஸ் ஏறிவிட்டார். எல்லை மாறாமல் இருந்திருந்தால் மதராசுக்குப் போயிருப்பேன். நம் சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்துவிட்டதால் பெருமாள் காலடிக்கே வந்து சேர்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது.

ஆஸ்பத்திரியும் காலேஜும் இங்கே ஒன்றுதான். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் கூட்டமாக வந்து என் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். என் கழுத்துக் கட்டிதான் அவர்களுக்குப் பாடம். "நீள்ளு மிங்கண்டி அம்மா" என்று டம்ளரை நீட்டுகிறார்கள். நான் தண்ணீரை விழுங்கினால் கட்டி மேலே ஏறி இறங்குகிறது. ஒருவர் பார்த்தால் போதாதா? வரிசையாக எல்லோரும் பார்க்க வேண்டுமாம். மத்தியானச் சோற்றுக்கு வயிற்றில் இடமே இல்லை.

சேர்க்கும்போது உங்கள் பேரைக் கேட்டார்கள். என் வாயால் எப்படிச் சொல்வது? ஜன்னல் வழியாக மலையைக் காட்டினேன். எழுதிய பிள்ளை ஏழுமலை என்று நினைத்துத் தெலுங்கில் 'ஏடுகொண்டலு' என்று எழுதிவிட்டான். நர்ஸ் மரகதவல்லி தமிழ்ப் பெண். அவள்தான் சிரித்துக்கொண்டே 'திருவேங்கடம்' என்று திருத்தினாள். இந்த உறையில் விலாசம் எழுதியதும் அவள்தான்.

கட்டி உள்ளே மூச்சுக் குழாயை நெருக்குகிறதாம். எடுத்துவிட வேண்டுமாம். டாக்டர்கள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கிறார்கள். எங்கள் யூனிட்டுக்குச் செவ்வாய்க்கிழமைதான் ஆபரேஷன். சம்மதக் கையெழுத்து நீங்கள் போட வேண்டும், அண்ணன் போட்டால் செல்லாதாம். திங்கட்கிழமைக்குள் வந்துவிடுங்கள்.

உங்கள்
பொன்னி

சத்தியவேடு
6-7-1963

அன்புள்ள பொன்னிக்கு,

சிவப்பி சௌக்கியம். கன்று சௌக்கியம். நான் சமைத்ததை நானே சாப்பிட்டும் உயிரோடுதான் இருக்கிறேன்.

நல்ல மழை. நிலம் பதமாக இருக்கிறது. வேர்க்கடலை விதைக்க ஆள் கிடைக்கவில்லை, அதனால் திங்கட்கிழமை வர முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். டீக்கடையில் கங்கையா கேட்டான்: "இன்னாபா, படிக்கிற பசங்க கத்தி பழகிக்கினு இருக்கிற எடத்துலயா பொண்டாட்டிய வுட்டுட்டு வந்துகீறே?" அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. கத்தி பழக உன் கழுத்துதானா கிடைத்தது அவர்களுக்கு? காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் கிளம்பி வந்துவிடு. சந்தை வைத்தியரிடம் இன்னொரு பற்று வாங்கிப் போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு
தி. திருவேங்கடம்

திருப்பதி
10-7-1963

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்றைய செவ்வாய்க்கிழமை வீணாகப் போய்விட்டது. என் இடத்தில் பதினோராம் கட்டில் ரத்னம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கங்கையாவுக்கு என் சார்பில் தலையில் ஒரு குட்டு வையுங்கள்.

கத்தியைப் பிடிப்பவர் பெரிய டாக்டர். பக்கத்தில் நின்று உதவுபவர் இரண்டாம் டாக்டர். அவருக்குக் கீழே, இங்கேயே குடியிருந்து எங்களைப் பார்த்துக்கொள்கிற சின்ன டாக்டர். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதோடு சரி.

ஆனால் அந்தப் பிள்ளைகள் இருப்பதுதான் எனக்குத் தைரியம். அவர்கள் இருப்பதால் பெரிய டாக்டர் எதைச் செய்தாலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏன் எடுக்க வேண்டும், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், என்ன கெடுதல் வரலாம் என்று எல்லாவற்றையும் என் தலைமாட்டில் நின்றே சொல்கிறார். எனக்குப் புரியாததை மரகதவல்லி தமிழில் சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். உங்கள் சந்தை வைத்தியர் என்றைக்காவது ஒரு காரணம் சொல்லியிருக்கிறாரா?

கேட்டதில் ஒன்றை உங்களிடம் மறைக்கப் பிடிக்கவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே போகிறதாம். அதற்கு அடிபட்டால் குரல் கம்மிவிடும், சிலருக்குப் போயே விடுமாம். 'உன் சத்தம் மூன்று வயல் தாண்டிக் கேட்கிறது' என்று கல்யாணமான நாளிலிருந்து திட்டுகிறவருக்கு நல்ல செய்திதானே?

விளையாட்டு போகட்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கிறது மாமா. பயமாக இருக்கிறது. வாருங்கள்.

பொன்னி

சத்தியவேடு
13-7-1963

என் பொன்னிக்கு,

வேர்க்கடலை விதைத்து முடித்து நாலு நாள் ஆகிறது. வராததற்கு நிலத்தின் மேல் பழி போட்டேன். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு சத்தமில்லை. மாட்டை அதட்டக்கூட ஆளில்லை. சிவப்பி வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. "சோறு ஆறிக்கினு கீது, வர்றீங்களா இல்லியா?" என்று நீ வரப்பில் நின்று கத்தினால்தான் எனக்குப் பசி என்பதே ஞாபகம் வரும். அந்தக் குரல் போகட்டும் என்று நானே கையெழுத்துப் போடுவதா? உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் மூச்சு அடைக்கிறது என்று எழுதிவிட்டாய். குரல் போனால் போகட்டும், எனக்கு நீ வேண்டும். சோற்றுக்கு நீ கரண்டியால் தட்டில் தட்டு, ஓடி வருகிறேன். திங்கட்கிழமை அங்கே இருப்பேன். வடமாலபேட்டையில் பஸ் நின்றுபோனாலும் மிச்சத்தை நடந்தே வருவேன்.

உன்
திருவேங்கடம்

சத்தியவேடு
18-7-1963

அன்புள்ள பொன்னிக்கு,

நேற்று மத்தியானம் கிளம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கங்கையாவின் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. அவனுக்கு நல்லா வேண்டும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயந்தரம், உனக்கு மயக்கம் தெளிந்த பிறகு பெரிய டாக்டர் பிள்ளைகளோடு வார்டுக்குள் வந்தார். என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. குரல் போய்விட்டது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஓர் அதட்டல் கேட்டது பார்! வராந்தாவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். உள்ளே ஓடி வந்தால் "அவங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று மரகதவல்லி விரட்டிவிட்டாள். மறுநாள் கேட்டதற்கு நீயும் சிரித்துச் சிரித்துக் கையை ஆட்டினாயே தவிர ஒன்றும் புரியவில்லை. யாரை அதட்டினாய்? உடனே எழுது.

உன்
திருவேங்கடம்

திருப்பதி
21-7-1963

அன்புள்ள மாமாவுக்கு,

வேறு யாரை? பெரிய டாக்டரைத்தான்.

குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்த மனிதர், எதையாவது பேசச் சொல்லக் கூடாதா? "மீ ஆயன பேரு செப்பம்மா" என்றார். கட்டினவர் பேரைச் சொல்ல வேண்டுமாம்! அத்தனை ஆம்பிளைப் பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். மறுபடியும் கேட்டார். கையைத் தூக்கி மலையைக் காட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நரம்பு போய்விட்டது என்றே நினைத்துவிட்டார், பாவம். இரண்டாம் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சேர்ந்த அன்றைக்கு ஏடுகொண்டலு என்று எழுதினானே, அந்தப் பிள்ளைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "இத்தினி பேரு முன்னால ஊட்டுக்காரரு பேரச் சொல்லச் சொல்றீங்களே, நல்லா கீதா சார் இது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டேனா, கத்தினேனா, எனக்கே தெரியாது.

மரகதவல்லி விழுந்து விழுந்து சிரித்து அவர்களுக்குத் தெலுங்கில் சொன்னாள். பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எழுதிக்கொள்ளுங்கள். ஆபரேஷனான அம்மாக்களிடம் குரலுக்காகப் புருஷன் பேரைக் கேட்காதீர்கள், ஊர்ப் பேரைக் கேளுங்கள்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். என் கழுத்திலிருந்து அவர்கள் படித்த கடைசிப் பாடம் அதுதான்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட்டிப் போக வாருங்கள். மூன்று வயலுக்குக் கேட்குமா என்று ஊருக்கு வந்து பார்த்துவிடலாம்.

மரகதவல்லிக்கு இன்று லீவு. உறையில் விலாசத்தை நானே எழுதினேன். முதல் வரி மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும், சிரிக்காதீர்கள். வாயால் மட்டும் சொல்ல மாட்டேன்.

உங்கள்
பொன்னி